எழுத்தாற்றலும் இயங்கலைத் தொடர்பும்



இப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, இன்று இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் கற்று வரும் மாணவி நான். ஆண்டு மலருக்கு மாணவர்க்குப் பயன்படும் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு ஆசிரியர் பணித்தார். எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியபோது, நாள்தோறும் நாம் செய்வதும், செய்கிறோம் என்று எண்ணிப் பாராததுமாகிய ஒரு செயலே முன்வந்து நின்றது. கைப்பேசியில் எழுதுதலே அச்செயல்.

"எனக்குக் கட்டுரை எழுத வராது" என்று சொல்லும் மாணவர், அன்று மாலைக்குள் புலனத்தில் இருபது செய்திகளை எழுதி அனுப்பிவிடுகிறார். "படிப்பறிவு குறைந்தவள் நான்" என்று சொல்லும் தாயாரும் வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்புகிறார். ஆதலின், நம் காலத்தில் எழுதுவது குறைந்துவிட்டது என்று கூறுவது பொருந்தாது. எழுதுவது பெருகியிருக்கிறது; எழுதியதைத் திரும்பப் படிப்பதே குறைந்திருக்கிறது. திரையில் எழுதும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆசிரியராக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கான காரணங்களையும் வழிகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

அன்றைய எழுத்து

நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில், ஒரு கடிதம் பலர் கைபட்டே உருவாயிற்று. எழுதத் தெரியாதவர் கிராணியாரிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, எழுத்தறிந்த அண்டை வீட்டாரிடமோ சென்று தம் செய்தியைச் சொல்லுவார், அவர் எழுதுவார். ஊரிலிருந்து வரும் மறுமொழியையும் பிறர் படித்துக் காட்டவே கேட்டறிய வேண்டும். கடனைப் பற்றியோ குடும்பத் துன்பத்தைப் பற்றியோ எழுத எண்ணி வந்தவர், எழுதுபவர் முன்னிலையில் பாதியை மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, "யாவரும் நலம்" என்று மட்டும் எழுதச் சொல்லித் திரும்பியிருப்பார். ஒரு வீட்டுப் பிள்ளை எழுதக் கற்றுக்கொண்ட நாளில்தான் அவ்வீட்டின் இன்ப துன்பங்கள் அவ்வீட்டாருக்கே உரியவை ஆயின. நம் தமிழ்ப்பள்ளிகள் செய்த பெருந்தொண்டுகளுள் இதுவும் ஒன்றாகும்.

அவசரச் செய்திக்குத் தந்தி இருந்தது. தந்திக்குச் சொற்களை எண்ணியே கட்டணம் வாங்கினர். ஆகவே, தந்தி கொடுக்கச் சென்றவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தார். வேண்டாத சொல்லை நீக்கினார். யார், எங்கே, எப்போது என்பவற்றை மட்டும் நீக்காமல் வைத்தார். மலேசியாவில் தந்திச் சேவை 2012-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அது கற்பித்த சிக்கனமோ இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது.

நாளேடுகளும் எழுத்துப் பயிற்சி தந்தன. 1924 முதல் 2019 வரை நம் நாட்டில் வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950-ஆம் ஆண்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் 'கதை வகுப்பு' என்னும் பகுதியை நடத்தினர். ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருக்க, எழுத்தின் வழியாகவே எழுத்தைக் கற்பித்த வகுப்பு அது. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழும், 1950-களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியின் வாயிலாக இளையோரை எழுதத் தூண்டியது. தொலைவில் இருந்து கற்கும் முறை இயங்கலையோடு பிறந்த புதுமை அன்று என்பதை இவற்றால் அறியலாம்.

இடையில் இருந்தவர் எங்கே?

மேற்கூறியவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே இன்னொருவர் இருந்தார். கடிதத்திற்குக் கிராணியார் இருந்தார். தந்திக்கு அஞ்சலகப் பணியாளர் இருந்தார். நாளேட்டிற்கு ஆசிரியர் இருந்தார். "இந்த வரி விளங்கவில்லையே", "தேதியைக் குறிக்கவில்லையே" என்று அவர் கேட்பார். அவரால் தாமதம் உண்டாயிற்று. சில வேளைகளில் மனத்தடையும் உண்டாயிற்று. எனினும், பிழை படிப்பவர் கையை எட்டுமுன் பிடித்து நிறுத்தும் வாய்ப்பும் அவரால் கிடைத்தது.

இன்று இடையில் எவரும் இலர். விரல் பட்ட நொடியில் செய்தி சென்றுவிடுகிறது. அனுப்பிய செய்தியை அழிக்கும் வசதி இருப்பினும், அதற்குள் படித்துவிட்டவர் மனத்திலிருந்து அதனை அழிக்க இயலாது. அவர் அதனைப் படம்பிடித்து வைத்திருப்பின் என்றென்றும் நிற்கும். இடையில் இருந்தவரின் பணி மறையவில்லை. அது நம் தோள்மேல் ஏறியிருக்கிறது. கிராணியாரின் கேள்வியையும் நாளேட்டாசிரியரின் சிவப்பு மையையும் இனி நாமே ஏற்றல் வேண்டும்.

முகம் காணா வாசகர்

நேரிற் பேசும்போது நம் முகமும் கையும் குரலும் நம்மோடு சேர்ந்து பேசுகின்றன. கேட்பவருக்கு விளங்காவிடில் அவர் புருவம் உயரும். நாம் மீண்டும் விளக்குவோம். எழுத்தில் இத்துணைகள் இல்லை. "ஏன் வரவில்லை?" என்னும் இரு சொற்களை எண்ணிப் பாருங்கள். அன்போடு கேட்டாலும் அவை அவையே. சினந்து கேட்டாலும் அவை அவையே. "தம்பி, நேற்று ஏன் வரவில்லை? உடல் நலந்தானே?" என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. விளிப்பெயர் ஒன்றும் நலம் விசாரிக்கும் சொல் இரண்டும் குரலின் வேலையைச் செய்துவிடுகின்றன. கடிதப் பாடத்தில் விளியும் வணக்கமும் கட்டாயம் என்று நம் ஆசிரியர் வற்புறுத்தியதன் பயனை இங்கே உணரலாம்.

செய்தி எழுதுங்கால் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

1. இதனை யார் படிப்பார்?
2. நான் யார் என்பது அவருக்கு விளங்குமா?
3. எப்போது, எங்கே என்பவற்றைக் கூறினேனா?
4. படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்?

ஓர் எடுத்துக்காட்டு

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் கைப்பேசி வழியாக வீடு தேடி வந்தன. அக்காலத்தில் வகுப்புப் புலனக் குழுக்கள் பலவாகப் பெருகின; இன்றும் ஆசிரியரும் பெற்றோரும் அவற்றின் வழியாகத் தொடர்புகொள்கின்றனர். அத்தகைய குழுவொன்றில் இரவு பத்து மணிக்கு ஒரு பெற்றோர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

"டீச்சர் காய்ச்சல் நாளை வராது"

ஆசிரியர் இதனை மறுநாட் காலையில் படிக்கிறார். காய்ச்சல் யாருக்கு? வராதது பிள்ளையா, காய்ச்சலா? 'நாளை' என்பது எந்த நாள்? எழுதியவருக்கு அது செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று படிப்பவருக்கோ அது புதன்கிழமையாகத் தோன்றும். இன்று, நாளை, நேற்று என்னும் சொற்கள் படிப்பவரோடு சேர்ந்து நகர்பவை. தேதியோ நகராது. ஆகவே இவ்வாறு எழுதுதல் சிறப்பு:

"ஆசிரியருக்கு வணக்கம். நான்காம் ஆண்டு மாணவி மலர்விழியின் தாயார் எழுதுகிறேன். மகளுக்குக் காய்ச்சல் கண்டிருப்பதால் செவ்வாய்க்கிழமை, 12-ஆம் தேதி, பள்ளிக்கு வர இயலாது. மருத்துவரின் விடுப்புச் சான்றிதழைப் புதன்கிழமை கொடுத்தனுப்புகிறேன். அன்றைய வீட்டுப்பாடத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். நன்றி."

இதில் அலங்காரச் சொல் ஒன்றுமில்லை. ஆயினும் நான்கு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. ஆசிரியர் திரும்பக் கேட்கத் தேவையில்லை. தாயாரும் வேலைக்காட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை. எழுத்தாற்றல் என்பது அரிய சொற்களை அடுக்குதல் என்று சிலர் நினைக்கின்றனர். படிப்பவர் திரும்பக் கேட்கத் தேவையின்றி எழுதுவதே அதன் முதற்படி.

எழுத்து மாறினால் பொருள் மாறும்

நம்முள் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதிப் பழகியிருக்கிறோம். தமிழுக்கு 247 எழுத்துகள். உரோமன் நெடுங்கணக்கிற்கு 26 மட்டுமே. ஆதலின், பல்லும் பாலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மனமும் மணமும், அரையும் அறையும் வேறுபாடின்றி நிற்கின்றன. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் பெரும்பாலும் ஓரெழுத்தாகவே எழுதப்படுகின்றன.

மருத்துவமனையிலிருந்து தனியே வீடு திரும்பும் தந்தையார் தம் மகளுக்கு உரோமன் எழுத்தில் ஒரு செய்தி விடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் அதனை "வலி தெரியவில்லை" என்று படித்து மகிழ்கிறாள். தந்தையார் எழுத எண்ணியதோ "வழி தெரியவில்லை" என்பது. மகள் மகிழ்ந்திருக்கும் வேளையில் தந்தையார் அறியாத சாலையில் நின்றுகொண்டிருக்கிறார். தமிழ் எழுத்தில் எழுதியிருப்பின் இவ்வின்னல் நேர்ந்திராது.

தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஒற்றெழுத்திற் கவனம் வேண்டும். 'வேலை கொடு' என்றால் பணி கொடு என்பது பொருள். 'வேலைக் கொடு' என்றால் வேலாயுதத்தைக் கொடு என்பது பொருள். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. வலி மிகும் இடங்களும் மிகா இடங்களும் தேர்வுக்காக மட்டும் படிக்கும் விதிகள் அல்ல.

நிறுத்தற்குறியும் அவ்வாறே. பின்வருவதைக் குறியின்றிப் படியுங்கள்:

"மருந்து கொடுக்க வேண்டாம் என்றார் மருத்துவர் வந்தபின் பார்க்கலாம்"

'மருத்துவர்' என்பதன் பின் முற்றுப்புள்ளி வைத்தால், மருந்து வேண்டாம் என்றவர் மருத்துவரே. 'என்றார்' என்பதன் பின் வைத்தால், அவ்வாறு சொன்னவர் வேறொருவர். மருத்துவரோ இன்னும் நோயாளியைப் பார்க்கவே இல்லை. ஒரு புள்ளியின் இடம் மாறினால் நோயாளியின் நிலையே மாறக்கூடும்.

கைப்பேசிக்குத் தமிழ் வந்த வரலாறு

"கைப்பேசியில் தமிழ் எழுதுவது கடினம்" என்று சிலர் கூறுவர். ஒரு காலத்தில் அது உண்மையே. பழைய கைப்பேசிகள் பல தமிழ் எழுத்தைக் காட்டும் திறன் அற்றவை. குறுஞ்செய்தியின் அளவிலும் இடர் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் உரோமன் எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 குறிகளே அடங்கும். 'கொ' என்னும் ஓரெழுத்துக்கே இரண்டு குறிகள் வேண்டும்.

இந்நிலை தானாக மாறவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடு 1991-இல் வெளிவந்தபோது, அதில் தமிழும் இடம்பெற்றது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அம்முயற்சியில் முன்னின்றவர் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. நம் மலேசிய நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கணினிக்கு 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசிக்கு அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005-இல் வெளியிடப்பட்டது. இன்று திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்களே ஆகும்.

நம் மண்ணைச் சேர்ந்தவரும் அண்டை நாட்டவரும் பல்லாண்டுகள் உழைத்துத் திறந்து வைத்த கதவு அது. அதன் வழியே நடந்து செல்லும் சிறு முயற்சியே நமக்கு எஞ்சியிருக்கிறது. முதல் வாரத்தில் விரல் தடுமாறும். பழகப் பழகத் தேர்ச்சி வரும்.

குரலும் எழுத்தும்

இக்காலத்தில் பலர் எழுதுவதை விடுத்துக் குரற்பதிவு அனுப்புகின்றனர். இதனைக் குறை என்று ஒதுக்கிவிடலாகாது. எழுத்தறியாத பாட்டிக்குப் பேரனின் குரலே மடல். அன்பைச் சொல்லவும் ஆறுதல் கூறவும் குரல் மிகவும் ஏற்றது.

ஆயினும், தேதி, நேரம், முகவரி, தொகை, மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுத்திலேயே தருதல் வேண்டும். மூன்று நிமிடக் குரற்பதிவின் நடுவே வரும் தொலைபேசி எண்ணைத் தேடுபவர் மீண்டும் மீண்டும் கேட்டு அலுத்துப்போவார். எழுத்திலோ ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பேசுவதைத் தானே எழுத்தாக்கும் வசதியும் இப்போது இருக்கிறது. அது கேட்டதைத்தான் எழுதும். நாம் எண்ணியதை எழுதாது. ஆகவே அதனையும் படித்துப் பார்த்தே அனுப்புதல் வேண்டும்.

தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு சொல்

எழுத்து பிள்ளைகளின் பாடம் மட்டும் அன்று. உழைப்பவரின் உரிமைக்கும் அது துணையாகும். தொழிலாளி ஒருவர் வேலையிடத்தில் காயமுற்றால், முதலாளி அதனை அறிந்த 48 மணி நேரத்திற்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவுக்கு அறிவித்தல் வேண்டும். அவருக்கு அச்செய்தி எவ்வாறு எட்டுகிறது என்பது முக்கியம் அன்றோ? "கையில் அடிபட்டுவிட்டது" என்று மட்டும் மண்டோருக்கு அனுப்பினால் போதாது. எந்த நாள், எத்தனை மணி, செம்பனைக் காட்டில் எந்தப் பகுதி, எந்த வேலையின்போது, உடனிருந்து கண்டவர் யார் என்பவற்றை எழுதி அனுப்பினால், அதுவே பின்னர் சான்றாக நிற்கும். இச்செய்தியை மலாய் மொழியில் எழுத நேரலாம். மொழி மாறினும் கேள்விகள் மாறா. தாய்மொழியில் ஒழுங்காக எழுதப் பழகிய பிள்ளை, தந்தைக்காக இன்னொரு மொழியிலும் ஒழுங்காக எழுதித் தரும்.

பிறர் எழுதியதை அனுப்புதல்

நாம் எழுதாத செய்தியையும் நாம் அனுப்புகிறோம். வந்ததை அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டு, "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்கிறோம். படிப்பவரோ, "இன்னார் அனுப்பினார்; உண்மையாகத்தான் இருக்கும்" என்று நம்புகிறார். செய்தி பிறருடையதாயினும் நம்பிக்கை நம் பெயரால் வந்தது. பொய்ச் செய்தி விரைந்து பரவுவதைத் தடுக்கவே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு புலனம் 2019-இல் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் 'செபெனார்ஞா' என்னும் தளத்தைத் தொடங்கி, பரவும் செய்திகளின் உண்மையை மக்கள் அறிய வழிசெய்தது. எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, "உடனே அனைவருக்கும் அனுப்புங்கள்" என்னும் வற்புறுத்தல் மட்டும் உண்டு என்றால், அச்செய்தியை நம் கைப்பேசியோடு நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

முடிவுரை

தம்பி தங்கையரே! பெற்றோரின் கைப்பேசியில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு கட்டுரைப் பயிற்சியே. அதற்குத் தனி ஏடு வேண்டா. தனி நேரமும் வேண்டா. எழுதி முடித்ததும் விரலை ஒரு கணம் நிறுத்துங்கள். படிப்பவராக உங்களைக் கருதிக்கொண்டு முதற்சொல்லிலிருந்து ஒரு முறை படியுங்கள். விளங்கினால் அனுப்புங்கள், விளங்காவிடில் திருத்துங்கள். பெரியவர்களுக்கு எழுதும்போது 'வணக்கம்' என்று தொடங்கி 'நன்றி' என்று முடியுங்கள். இயன்ற இடமெல்லாம் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.

பெற்றோர் பெருமக்களே! பிள்ளை எழுதும் செய்தியை அனுப்புமுன் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு விளங்காத வரி, படிப்பவருக்கும் விளங்காது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இவ்வகையில் தம் பிள்ளைக்கு நல்லாசிரியர் ஆகலாம். அன்று பிறர் கையை நாடி நின்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் கையில் வந்து சேர்ந்த எழுத்தை நாமே செம்மையாக ஆளுவோமாக.

பயிற்சி

1. "மாமா நாளைக்கு ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்" என்னும் செய்தியில் விடுபட்டவை யாவை? அவற்றைச் சேர்த்துத் திருத்தி எழுதுக.

2. "அக்கா வந்தாள் அம்மா வரவில்லை என்று சொன்னாள்" என்பதில் நிறுத்தற்குறிகளை இரு வகையாக இட்டு, பொருள் வேறுபாட்டைக் கூறுக.

3. வலி, வளி, வழி, மனம், மணம், அரை, அறை ஆகிய சொற்களை ஒவ்வொரு வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

4. உங்கள் குடியிருப்பில் இரண்டு நாள்களாகக் குடிநீர் வரவில்லை. அதனைத் தோட்ட அலுவலகத்திற்குத் தெரிவிக்கும் செய்தி ஒன்றை ஐந்து வரிகளில் வரைக.

5. உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு வந்து, பலருக்கும் அனுப்பும்படி வேண்டிய செய்தி ஒன்றைப் பெற்றோருடன் சேர்ந்து ஆராய்ந்து, அதனை அனுப்பலாமா கூடாதா என்பதைக் காரணத்துடன் எழுதுக.